121ஆம் நாள் யார் கூட வருவது?

அமெரிக்கக் குடியுரிமைக்கான நேர்காணல் முடிந்ததும் அதிகாரி ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புவார். என்-652 என்பது அதன் எண். ஆங்கிலத் தேர்விலும் வரலாற்றுத் தேர்விலும் தேறிவிட்டீர்கள் என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கும். விண்ணப்பத்தை ஏற்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறோம் என்பதற்கு ஒன்று. இப்போதைக்கு முடிவு சொல்ல இயலாது என்பதற்கு ஒன்று. நான் இருக்கும் ஊரில் பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் சில பெண்கள் குடியுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். எங்களிடம் இரண்டாம் முறை வருகிறவர்கள் அநேகமாக அந்த மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்த தாளோடுதான் வருவார்கள். பர்ஸில் வைத்து எடுத்து எடுத்து, தாள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கும்.

அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. நேர்காணல் நடந்து 120 நாளுக்குள் முடிவு தெரிவிக்காவிட்டால், ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக விண்ணப்பதாரருக்கு உரிமை இருக்கிறது என்று சொல்கிறது அது. அதை வாசித்துக் காட்டினால் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். "கோர்ட்டா? வேண்டாம் ராத்தா. இருக்கிறதும் போயிடும்" என்பார்கள். தமிழில் சொன்னாலும் உருதுவில் சொன்னாலும் சோமாலியில் சொல்லி மகள் மொழிபெயர்த்தாலும் பதில் இதுதான்.

முஸ்லிம் குடியேறிகளுக்கு உதவ நினைக்கிறவர்கள் இந்தப் பயத்துக்குத்தான் முதலில் மருந்து தேட வேண்டும். படிவம் நிரப்புவது சுலபமான பாதி. 121ஆம் நாள் அவரோடு வக்கீல் அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் போகத் தயாராக இல்லாதவர்கள் செய்யும் உதவி, பாதி ஆற்றில் இறக்கிவிட்டுப் போவதுதான்.

நான் காயல்பட்டினத்துக்காரி. தொழில் கணக்கு எழுதுவது. வக்கீல் அல்ல என்பதால் சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. வக்கீல்களும், நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும்தான் அதைச் சொல்லலாம். ஆனால் தாமதம் என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நானும் என் கணவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். ஒரே முகவரி, சேர்ந்து கட்டிய ஒரே வரி. எனக்கு ஓராண்டுக்குள் வந்துவிட்டது. அவருக்கு மூன்று ஆண்டு கழிந்தும் வரவில்லை. இருவருக்கும் வித்தியாசம் என்று நாங்கள் கண்டது பெயர் ஒன்றுதான். அவர் பெயர் முகமதில் தொடங்குகிறது.

விரல்ரேகைச் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். அதோடு பெயர்ச் சோதனை என்று தனியே ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்தவரின் பெயர் எஃப்பிஐயின் கோப்புகளில் எங்காவது தென்படுகிறதா என்று தேடுவது. குற்றவாளியாகத்தான் தென்பட வேண்டும் என்பதில்லை. சாட்சி சொன்னவர், புகார் கொடுத்தவர், பாதிக்கப்பட்டவர் என்று யார் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் அது பதிவுதான். பெயர் ஒத்துப்போனால் அந்தக் கோப்பை எங்கிருந்தாவது வரவழைத்து, இவர்தான் அவரா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 11க்குப் பிறகு, 2002 இறுதியில், தேங்கிக் கிடந்த 27 லட்சம் பெயர்களை மறுபடி சோதிக்கச் சொல்லிக் குடியேற்றத் துறை எஃப்பிஐக்கு அனுப்பியது. அதிலிருந்து தொடங்கியது நெரிசல். 2007 மே மாதக் கணக்கில் 3,29,160 பெயர்ச் சோதனைகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் 1,06,738 ஓராண்டுக்கு மேல் கிடந்தவை.

இந்தக் கணக்கு வெளியே வந்தது ஓர் அரசு அலுவலகம் வழியாகத்தான். குடியுரிமைச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு அதிகாரியாக அப்போது இருந்தவர் பிரகாஷ் காத்ரி. தன் 2007 ஆண்டறிக்கையில் அதைப் போட்டதோடு, இந்தச் சோதனை பாதுகாப்புக்கு எவ்வளவு பயன்படுகிறது என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். இதில் எனக்கு மறுத்துப் பேச எதுவும் தெரியவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர் ஏற்கெனவே கிரீன் கார்டோடு இந்த நாட்டில் வாழ்கிறவர். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார், விமானத்தில் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். அவர் உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால் கோப்பை நான்கு ஆண்டு மூடி வைப்பது யாரைக் காப்பாற்றும்? ஆபத்தில்லாதவர் என்றால் நான்கு ஆண்டு எதற்கு? சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதித்து ஒரு முடிவு சொல்லுங்கள் என்கிறேன்.

நம் பக்கத்துப் பெயர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் குறைவு. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பாகப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும். அமெரிக்க விசாவில் அந்தக் காலி இடத்தை நிரப்ப 'எஃப்என்யூ' என்று போடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். செந்திலுக்கும் முருகனுக்கும்கூட இந்தத் தொல்லை உண்டு. ஆனால் சையது இப்ராகிம் முகமது ரஃபி என்று நான்கு பகுதியாக நீளும் ஒரு பெயரை நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு வரிசை, வங்கியில் சுருக்கிய மூன்றாவது. முகமதுக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று சொல்லவே வேண்டாம். தேடும் இயந்திரமோ வரிசையை மாற்றி மாற்றியும், ஒலி ஒத்து வருவதையெல்லாம் சேர்த்தும் தேடுகிறது. உலகத்திலேயே அதிகம் பேர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்களில் ஒன்றை இப்படித் தேடினால் எவர் கோப்பாவது வந்து நிற்காமல் இருக்குமா?

பெயர்ச் சோதனை நெரிசல் 2009க்குள் பெருமளவு தீர்க்கப்பட்டது. அத்தோடு முடிந்தது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 2008 ஏப்ரலில், வெளியே யாருக்கும் சொல்லாமல், குடியுரிமைத் துறை வேறொரு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. கார்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் திட்டத்தின்படி, தேசப் பாதுகாப்புச் சந்தேகம் என்று முத்திரை விழுந்த விண்ணப்பத்தை உள்ளூர் அதிகாரி தன் பொறுப்பில் ஏற்க முடியாது. மேலே அனுப்ப வேண்டும், எஃப்பிஐயோடு கலந்து பேச வேண்டும், காத்திருக்க வேண்டும். முத்திரை விழ என்ன காரணம் வேண்டும்? கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று. அதைவிடச் சிறிய காரணங்களும் போதும்: எந்த நாட்டில் வாழ்ந்தார், எந்த வழியாகப் பயணம் போனார், எந்த அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தார், யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார். முத்திரை விழுந்ததை விண்ணப்பதாரருக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லாததை மறுக்கவும் முடியாது. தகவல் கேட்டு வழக்காடித்தான் இந்த ஆவணங்களை வெளியே கொண்டுவர முடிந்தது. 2013இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் அமெரிக்கச் சிவில் உரிமைகள் ஒன்றியம் அவற்றை வைத்து விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

2017இல் சியாட்டில் நீதிமன்றத்தில் இந்தத் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸ் அதைக் குழு வழக்காக ஏற்றார். கார்ப் வலையில் சிக்கி ஆறு மாதத்துக்கு மேல் முடிவு வராத எல்லோரும் அந்தக் குழுவில் அடக்கம், அவர்களுக்கே தெரியாவிட்டாலும்.

தாமதத்தின் கொடுமை கடைசியில் குடும்பத்தின் மேல்தான் விழுகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியாது. குடிமகன் ஆனால்தான் முடியும். எங்களிடம் வந்த ஒருவர் எங்கள் ஊர்க்காரர், மருந்தாளுநர். வாப்பா மவுத்தான பிறகு உம்மா ஊரில் தனியாக இருக்கிறார். சுற்றுலா விசாவும் மறுக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து மகன் போன் பண்ணும்போது, "என்ன வாப்பா, அந்தக் காகிதம் வந்திச்சா?" என்று உம்மா கேட்பாராம். உம்மா கேட்பதை அவர் தாங்கிக்கொள்கிறார். தெருவில் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. "அவனுக்கு முந்தி இவன் போனான், இவனுக்கு இன்னும் குடுக்கலையா? அங்கே என்ன செஞ்சானோ" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொல்லி, அது அவர் காதுக்கு வந்திருக்கிறது. இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. தாமதம் ஒருவர் மேல் குற்றம் இருப்பதற்கு அடையாளம் அல்ல. தெரியாமல் பேசாதீர்கள்.

அந்த மருந்தாளுநர் வீட்டுக்கு ஒரு மாலை இரண்டு பேர் வந்து அட்டையைக் காட்டி, உங்கள் விண்ணப்பம் தாமதமாகிறதாமே, உட்கார்ந்து பேசினால் உதவலாம் என்றார்களாம். எந்தப் பள்ளிக்குத் தொழப் போகிறீர்கள், அங்கே யார் பேசுகிறார்கள் என்று கேட்டார்களாம். இதுவும் புதிதல்ல. சமூகத்தைப் பற்றித் துப்புச் சொல்ல மறுத்ததால் தங்கள் பெயர் விமானத் தடைப் பட்டியலில் ஏறியது என்று சில முஸ்லிம் ஆண்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துப்புக் கேட்ட எஃப்பிஐ அதிகாரிகள் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கலாம் என்று 2020 டிசம்பரில் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்படி யாராவது கதவைத் தட்டினால் பொய் சொல்லக் கூடாது, அது தனிக் குற்றம். வக்கீல் இல்லாமல் பேசவும் கூடாது. வக்கீல் மூலமாகப் பேசுகிறேன் என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டால் போதும். நியூயார்க்கில் சிட்டி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் கிளியர் அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்காகவே 2009 முதல் இலவசமாக வாதாடுகிறது.

இனி அந்த 120 நாள். பள்ளிவாசலில் பெரியவர்கள் பலர், "சபுர் செய்ங்க, நேரம் வரும்போது வரும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நாட்டின் வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1790இல் முதல் குடியுரிமைச் சட்டம் வந்த காலத்திலிருந்து இருநூறு ஆண்டு, குடியுரிமை வழங்கியதே நீதிமன்றங்கள்தான். அந்த வேலையை நிர்வாகத்திடம் ஒப்படைத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்படைக்கும்போதே, நேர்காணலுக்குப் பின் 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் நீதிபதியிடம் போகலாம், அவரே தீர்மானிக்கலாம், அல்லது இன்ன கெடுவுக்குள் முடி என்று திருப்பி அனுப்பலாம் என்று நாடாளுமன்றம் எழுதி வைத்தது. ஆகவே நீதிமன்றம் போகிறவர் அரசாங்கத்தோடு சண்டைக்குப் போகவில்லை. சட்டம் போட்டு வைத்த பாதையில்தான் நடக்கிறார். நீதிமன்றங்கள் எப்போதும் நம் பக்கம் நின்றன என்றும் சொல்ல மாட்டேன். 1942இல் ஏமனிலிருந்து வந்த அகமது ஹசன் வெள்ளையர் அல்ல என்று டெட்ராய்ட் நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. 1923இல் பகத்சிங் திந்த் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே கதி. 1946இல் சட்டம் மாறித்தான் இந்தியர்களுக்கு வாசல் திறந்தது. அப்படி மறுக்கப்பட்டவர்கள் வழக்காடாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சட்டங்களின் அநியாயம் ஏட்டிலேயே ஏறியிருக்காது.

இந்த 120 நாள் விதி எவ்வளவு வலிமையானது என்பதற்குத் துறையே சாட்சி. வழக்குகள் பெருகியதும் 2006இல் அது தன் நடைமுறையை மாற்றியது. பெயர்ச் சோதனை முடியும்வரை நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டது. நேர்காணல் நடக்காவிட்டால் 120 நாள் ஓடத் தொடங்காது. அப்படி நேர்காணலுக்கு முன்பே மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கும் கடமையை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்ற ஆணை கேட்பது. நாளை எண்ணிக் காட்ட முடியாததால் அது கொஞ்சம் கடினம், ஆனாலும் அங்கேயும் நீதிபதி காரணம் கேட்கிறார்.

வழக்குத் தொடுத்தால் என்ன நடக்கிறது? தாக்கல் கட்டணம் 405 டாலர். அரசு பதில் தர 60 நாள். பல வழக்குகளில் அந்த 60 நாளுக்குள்ளேயே கோப்பு அசைந்துவிடுகிறது. வக்கீல் ஒருவர் அரசுத் தரப்பில் உட்கார்ந்து, இது ஏன் கிடக்கிறது என்று முதல்முறையாகக் கேட்கிறார். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. என் கணவருக்கும் அப்படித்தான் நடந்தது. உறுதிமொழி ஏற்க வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அரசின் பதில் மனு இன்னும் தாக்கலாகவில்லை.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய கைது, வரிப் பாக்கி, நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்தது, படிவத்தில் தப்பாக எழுதிய ஒரு பதில், இவற்றில் ஏதாவது இருந்தால் வழக்கு அதைத் தோண்டி எடுக்கும். மறுப்பு வரலாம். இன்றைய நிலையில் அதைவிட மோசமானதும் வரலாம். ஆகவே கோப்பை வக்கீல் முழுதாகப் படித்த பிறகுதான் அடி எடுத்து வைக்க வேண்டும். ஆனால் அப்படி எதுவுமே இல்லாதவர்களும் பயந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2025இல் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. மார்ச்சில் அந்தக் குறைதீர்ப்பு அதிகாரியின் அலுவலகமே ஆட்குறைப்பில் முடக்கப்பட்டது. ஜூனில் 19 நாடுகளின் மேல் முழுதாகவோ பகுதியாகவோ பயணத் தடை வந்தது. டிசம்பர் 2இல் அந்த நாடுகளில் பிறந்தவர்களின் விண்ணப்பங்கள் மேல் முடிவெடுப்பதை நிறுத்தி வைக்க உத்தரவு போனது. ஹைட்டி, வெனிசுவேலா போன்ற நாடுகளும் அதில் உண்டு. ஆஃப்கானிஸ்தான், ஈரான், சோமாலியா, ஏமன், சூடான், லிபியாவும் உண்டு. பாஸ்டனில் ஃபேனுவில் ஹாலில் உறுதிமொழி ஏற்க வரிசையில் நின்றவர்களில் சிலரைப் பிறந்த நாட்டைக் கேட்டு விலக்கிவிட்டார்கள். எல்லாத் தேர்வும் எல்லாச் சோதனையும் முடித்து, கையை உயர்த்துவது ஒன்றுதான் பாக்கி என்று வந்தவர்கள் அவர்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நமக்கென்ன என்று சொல்லும் தமிழர்களையும் பார்க்கிறேன், தமிழ் முஸ்லிம்களையும் பார்க்கிறேன். எங்கள் கீழ்த்தளத்துக்கு வரும் சோமாலியப் பெண் ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் சனிக்கிழமை மேசையில் வேலை முறையை இப்போது மாற்றியிருக்கிறோம். படிவம் நிரப்பும் அன்றே ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைக் கோப்பு. ரசீது, நேர்காணல் அழைப்பு, என்-652 எல்லாம் அதில். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் பக்கத்தில். பெயர் வேறுவேறாக உள்ள ஆவணங்களை அன்றைக்கே பட்டியல் போட்டு, எல்லாப் பெயரையும் படிவத்தில் அதற்கான இடத்தில் எழுதுகிறோம். நேர்காணல் முடிந்து வந்ததும் 120 நாள் முடியும் தேதியை அட்டையின் மேல் எழுதிவிடுகிறோம். அந்தத் தேதிக்கு முன் வக்கீல் ஒருவர் கோப்பைப் பார்த்தாக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கடிதம் போடுவது அதற்கிடையில் நடக்கும். அவர்கள் கேட்டால் சில நேரம் பதில் வருகிறது.

அமெரிக்காவின் தமிழ்ச் சங்கங்கள் மருத்துவ முகாம் நடத்துகின்றன, வரி தாக்கல் வகுப்பு நடத்துகின்றன, பொங்கலுக்கு மண்டபம் பிடிக்கின்றன. எஃப்என்யூ தொல்லை தமிழர் எல்லோருக்கும் பொது. அதைத் தீர்க்கும் வழி நம் ஆட்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒரு நாள் அந்த மண்டபத்தைக் குடியுரிமைத் தாமதத்துக்காகத் திறந்து வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ரமலானில் திரட்டும் பொது நிதியில் ஒரு பகுதியை வழக்குச் செலவுக்கு என்று ஒதுக்கட்டும். ஜெயித்தால் அரசிடமிருந்தே வக்கீல் செலவைக் கேட்டு வாங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வக்கீல்களைத் தேடிக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. தாளோடு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் வேண்டும்.